பாடபேதமாக மீம்: வடசென்னைத் துறைமுகப் பகுதி வழக்குகளை முன்வைத்து

ஆய்வுச் சுருக்கம்

இணையத்தில் பரவும் மீம்கள் ஒன்றிலிருந்து ஒன்று கிளைத்து வளரும் முறையை, தமிழ்ச் சுவடிப் பதிப்பு மரபு வளர்த்தெடுத்த பாடபேத ஆய்வின் துணைகொண்டு இக்கட்டுரை ஆராய்கிறது. இராயபுரம் முதல் எண்ணூர் வரையிலான துறைமுக, தொழிற்சாலைப் பகுதியோடு தொடர்புடைய நான்கு வழக்குகள் எடுத்துக்கொள்ளப்படுகின்றன. 1914-இல் சென்னையைத் தாக்கிய கப்பலின் பெயரிலிருந்து பிறந்த ‘எம்டன்’, நிலவருவாய்ச் சொல்லாகத் தொடங்கி வசையாக மாறிய ‘புறம்போக்கு’, கானாவிலிருந்து கேலிக்குச் சென்ற ‘புள்ளிங்கோ’, 2017, 2023 ஆகிய ஆண்டுகளின் எண்ணெய்க் கசிவுகளில் தோன்றிய ‘வாளி’ ஆகியன அவை. படியெடுக்கப்படும்தோறும் மீமின் வடிவம் நிலைக்கிறது, நிலைப்பாடு மாறுகிறது, பிறந்த இடம் உதிர்கிறது என்பதும், இடத்தை உதிர்க்க இயலாத மீம் பரவாமல் உள்ளூர் நினைவாக எஞ்சுகிறது என்பதும் இக்கட்டுரையின் முடிவுகள்.

திறவுச்சொற்கள்: மீம், பாடபேதம், வடசென்னை, எண்ணூர், கானா, எம்டன், புறம்போக்கு, புள்ளிங்கோ.

1. முன்னுரை

தென்னிந்தியாவின் முதல் பயணிகள் தொடர்வண்டி 1856-இல் இராயபுரத்திலிருந்து புறப்பட்டது. அதன்பின் வந்த ஒன்றரை நூற்றாண்டில் இராயபுரத்திற்கு வடக்கே கடற்கரையை ஒட்டிய நிலப்பகுதி, நகரம் தனக்கு வேண்டியவற்றையெல்லாம் இறக்கி வைக்கும் இடமாயிற்று. மணலியில் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை 1969-இல் இயங்கத் தொடங்கியது. எண்ணூர் அனல் மின் நிலையம் 1970-இல் உற்பத்தியைத் தொடங்கியது. எண்ணூர்த் துறைமுகம் 2001-இல் செயற்பாட்டிற்கு வந்து, 2014-இல் காமராசர் துறைமுகம் எனப் பெயர் மாற்றம் பெற்றது. மின்சாரம், எரிபொருள், உரம், மீன் ஆகியவற்றை இப்பகுதியிலிருந்து பெறும் நகரம், தன் கழிவையும் சாம்பலையும் இங்கேயே விடுகிறது.

நகரம் இங்கிருந்து பெறும் இன்னொன்று உண்டு. அது சொல். சென்னைத் தமிழின் வசைகளும் செல்லப் பெயர்களும் கேலிகளும் பாட்டு மெட்டுகளும் இப்பகுதியிலிருந்து புறப்பட்டுத் திரைப்படத்தின் வழியாகவும், பின்னர் இணையத்தின் வழியாகவும் தமிழகம் முழுதும் சென்றுள்ளன. இன்று அவை மீம்களாக உலவுகின்றன. இவற்றின் வழித்தடத்தை வரலாற்று நோக்கில் ஆராயும்போது ஒரு முறையியல் சிக்கல் எழுகிறது. இரண்டு மீம்கள் ஒத்திருக்கின்றன என்பதாலேயே ஒன்று மற்றொன்றிலிருந்து தோன்றியது எனக் கொள்ளலாமா? அவ்வாறு தோன்றியிருப்பின், இடையில் மாறியது எது, இழக்கப்பட்டது எது? இவ்வினாக்களுக்கு விடை காண்பது இக்கட்டுரையின் நோக்கம்.

2. ஆய்வு முறை: சுவடியும் மீமும்

‘மீம்’ என்னும் சொல்லை ரிச்சர்ட் டாக்கின்ஸ் 1976-இல் வெளிவந்த சுயநல மரபணு பற்றிய தம் நூலில் அறிமுகப்படுத்தினார். போலச்செய்தலைக் குறிக்கும் கிரேக்க வேரைச் சுருக்கி, ‘ஜீன்’ என்பதோடு ஓசை ஒக்குமாறு அவர் அதனை அமைத்தார். மெட்டு, கருத்து, உடைப்பாங்கு முதலியன மனிதரிடமிருந்து மனிதருக்குப் படியெடுக்கப்பட்டுப் பரவுகின்றன என்பது அவர் கருத்து. இணைய மீம்களை ஆராய்ந்த லிமோர் ஷிஃப்மன் 2014-இல் இதனைத் திருத்தி விளக்கினார். மீம் என்பது தனி ஒரு படமன்று. உள்ளடக்கம், வடிவம், நிலைப்பாடு ஆகியவற்றில் பொதுத்தன்மை உடையனவாகவும் ஒன்றையொன்று அறிந்தே உருவாக்கப்பட்டனவாகவும் உள்ள படைப்புகளின் தொகுதி என்பது அவர் வரையறை. இவற்றுள் நிலைப்பாடு என்பது, பேசுபவர் தம் பேச்சோடும் பேசப்படுபவரோடும் கொள்ளும் உறவைக் குறிக்கும். எளிமையாகச் சொன்னால், யார் யாரைப் பார்த்துச் சிரிக்கிறார் என்பதே அது.

மரபணு உவமையைவிடத் தமிழாய்வுக்கு நெருக்கமானது சுவடிப் பதிப்பு முறை. உ.வே. சாமிநாதையர் 1887-இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தபோது பல ஏடுகளை ஒப்பிட்டார். ஏடு எழுதுவோர் மூலத்தைப் பார்த்து எழுதினாலும் எழுத்து மாறும், அடி விடுபடும், இடைச்செருகல் நுழையும். ஒரே பிழை இரண்டு ஏடுகளில் காணப்படின், அவ்விரண்டும் அப்பிழையைக் கொண்டிருந்த ஒரு முன்னோர் ஏட்டிலிருந்து வந்தன எனக் கருதுவது பதிப்பியலின் அடிப்படைகளுள் ஒன்று. சரியான பாடத்தில் ஒத்திருத்தல் உறவுக்குச் சான்றாகாது. பிழையில் ஒத்திருத்தலே சான்றாகும்.

மீம்களிலும் இத்தகைய ‘ஏட்டுப் பிழைகள்’ உண்டு. வெட்டுண்ட ஓரம், முந்தைய பக்கத்தின் முத்திரை, மீண்டும் மீண்டும் படியெடுத்ததால் மங்கிய உருவம், ஒரு பேச்சொலியை எழுத்தில் பெயர்த்த தனித்த முறை ஆகியன அவை. இவற்றைக் கொண்டு மீம்களுக்கிடையிலான உறவை மூன்றாக வகுக்கலாம். ஒரே படமோ சொல்லோ தொடர்வது படிவ உறவு. படம் வேறாயினும் நகையின் கட்டமைப்பு ஒன்றாயிருப்பது அமைப்பு உறவு. படமும் கட்டமைப்பும் மாறினும் ஒரு நிகழ்வையோ இடத்தையோ மீண்டும் நினைவில் எழுப்புவது நினைவு உறவு.

வழித்தடம் தெளிவாகத் தெரியும் ஒரு சான்று இம்முறையை விளக்கும். 1999-இல் மலையாளத்தில் வெளிவந்த ‘ஃபிரண்ட்ஸ்’ திரைப்படத்தை அதன் இயக்குநர் சித்திக் 2001-இல் தமிழில் மீண்டும் எடுத்தார். அதில் பெயின்டிங் கான்ட்ராக்டர் நேசமணியாக வடிவேலு நடித்தார். தொலைக்காட்சி நகைச்சுவைத் தொகுப்புகள் அக்காட்சியைப் பல ஆண்டுகள் உயிரோடு வைத்திருந்தன. 2019 மே மாத இறுதியில், கட்டடப் பொறியியல் பயில்வோருக்கான ஒரு முகநூல் பக்கம் சுத்தியல் படம் ஒன்றை இட்டு, அதன் பெயர் அவரவர் நாட்டில் என்னவென்று கேட்டது. தமிழர் ஒருவர் பெயரைச் சொன்னதோடு, அக்கருவி விழுந்து நேசமணியின் தலை உடைந்த செய்தியையும் உண்மை நிகழ்வுபோல எழுதினார். மே 29 அன்று நேசமணியின் நலத்திற்காக வேண்டும் ஹேஷ்டேக் ட்விட்டரில் உலக அளவில் முன்னிலை பெற்றது. திரைப்படத்தை அறியாத பிறமொழியினர் சிலர் உண்மையிலேயே ஒருவர் அடிபட்டுக் கிடக்கிறார் என்று எண்ணினர். படிவம் அவர்களிடம் முழுமையாகச் சென்றது, நிலைப்பாடு செல்லவில்லை. மூலத்தைக் காணாது படியை மட்டும் கண்டவரின் நிலை அது. நேசமணி வழக்கில் இந்த இழப்பால் தீங்கில்லை. வடசென்னை வழக்குகளில் அவ்வாறன்று.

3. எம்டன்: தாக்குதலிலிருந்து பாராட்டுக்கு

1914 செப்டம்பர் 22 இரவு, கார்ல் ஃபான் முல்லர் தலைமையிலான ‘எம்டன்’ என்னும் ஜெர்மானியப் போர்க்கப்பல் சென்னைத் துறைமுகத்தை நெருங்கி நூற்றுக்கு மேற்பட்ட குண்டுகளை வீசியது. பர்மா ஆயில் நிறுவனத்தின் எண்ணெய்க் கொள்கலன்கள் தீப்பற்றின. குண்டு ஒன்று விழுந்ததன் நினைவுக் கல்வெட்டு உயர் நீதிமன்ற வளாகத்தில் இன்றும் உள்ளது. நகர மக்கள் பெருந்திரளாக வெளியேறினர். அவ்வாண்டு நவம்பர் 9 அன்று கோகோஸ் தீவுகளுக்கருகே ஆஸ்திரேலியக் கப்பலான சிட்னியால் எம்டன் வீழ்த்தப்பட்டது. கப்பலின் வாழ்வு அவ்வளவே. சொல்லின் வாழ்வு அதன்பின் தொடங்கியது.

தமிழில் ‘எம்டன்’ என்பது எதற்கும் அஞ்சாதவனையும், பிறரை ஏய்த்துக் காரியம் முடிப்பவனையும், வீட்டை நடுங்கவைக்கும் கண்டிப்பானவனையும் குறிக்கும் சொல்லாயிற்று. மலையாளத்தில் மிகப் பெரியதைக் குறிக்கும் ‘எமண்டன்’ என்னும் வழக்கும் இக்கப்பலின் பெயரிலிருந்தே வந்தது என்பர். ஒரே மூலத்திலிருந்து இரு மொழிகளில் இரு கிளைகள் பிரிந்துள்ளன. தமிழ்க் கிளை கப்பலின் துணிவையும் தந்திரத்தையும் எடுத்துக்கொண்டது. மலையாளக் கிளை அதன் பேருருவை எடுத்துக்கொண்டது.

இவ்வழித்தடத்தில் இடைச்செருகலும் உண்டு. விடுதலை வீரர் செண்பகராமன் பிள்ளை எம்டன் கப்பலில் இருந்து தாக்குதலை நடத்தினார் என்னும் செய்தி பரவலாக எழுதப்பட்டு வருகிறது. இதற்கு உறுதியான ஆவணச் சான்று இல்லை. எனினும் அச்செருகல் பொருளற்றதன்று. பகைவரின் பகைவனைப் பாராட்டிய மக்கள் மனநிலைக்கு, அப்பாராட்டை நியாயப்படுத்தும் தமிழ் வீரன் ஒருவன் தேவைப்பட்டான்.

2006-இல் இச்சொல்லோடு ஒரு திரைப்படம் உருவானது. கண்டிப்பான தந்தைக்கு அஞ்சும் மகனின் கதையைக் கொண்ட ‘எம்டன் மகன்’, தமிழ்ப் பெயர் சூட்டும் படங்களுக்கு வரிவிலக்கு என்னும் அரசின் அறிவிப்பை ஒட்டி ‘எம் மகன்’ எனப் பெயர் மாற்றம் பெற்றது. பாடபேத நோக்கில் இது அரிய சான்று. நான்கெழுத்தில் இரண்டு விடுபட, ஜெர்மானியக் கப்பல் தமிழ்த் தன்மைப் பன்மையாகிவிட்டது. தொலைக்காட்சியில் அப்படத்தின் காட்சிகளைக் கண்டு, தந்தையரைப் பற்றிய மீம்களில் ‘எம்டன்’ என்னும் சொல்லைப் பயன்படுத்தும் தலைமுறைக்குத் துறைமுகத்தில் எரிந்த எண்ணெய் நினைவில் இல்லை. இடம் முற்றிலும் உதிர்ந்தது. அதனாலேயே சொல் ஒரு நூற்றாண்டைக் கடந்தது.

4. புறம்போக்கு: வசையும் மீட்பும்

‘புறம்போக்கு’ நிலவருவாய் ஆட்சியின் சொல். தீர்வை விதிக்கப்படாத, தனியார்க்கு உரிமையற்ற பொது நிலத்தை அது குறிக்கும். மேய்ச்சல் நிலம், நீர்நிலை, சுடுகாடு, கடற்கரை ஆகியன அதில் அடங்கும். முதலாம் இராசராசனின் தஞ்சைக் கல்வெட்டுகளிலேயே ஊர்நத்தம், குளம், வாய்க்கால், சுடுகாடு முதலியவற்றை வரியிலிருந்து நீக்கிக் கணக்கிடும் முறையைக் காணலாம். வருவாய் தராத நிலம், பயனற்ற நிலம் என்றும், பின் பயனற்ற மனிதன் என்றும் பொருள் நகர்ந்தது. ‘பொறம்போக்கு’ என்னும் பேச்சு வடிவம் திரைப்பட நகைச்சுவையின் வழியே மீம்களின் வாடிக்கையான வசையாயிற்று.

2017 சனவரியில் பொங்கலை ஒட்டி ‘சென்னைப் பொறம்போக்குப் பாடல்’ இணையத்தில் வெளிவந்தது. கபேர் வாசுகி எழுதிய பாடலை டி.எம். கிருஷ்ணா எண்ணூர்க் கழிமுகத்தில் நின்று பாட, ரதீந்திரன் பிரசாத் காணொளியை இயக்கினார். மூன்று செய்திகள் இங்கு நோக்கத்தக்கன. முதலாவது, வசையான சொல்லே பாட்டின் தலைப்பாகவும் பெருமிதமாகவும் வைக்கப்பட்டது. இரண்டாவது, கருநாடக இசையின் இராகமாலிகை வடிவத்தில் சென்னைப் பேச்சுமொழி பாடப்பட்டது. மூன்றாவது, அனல் மின் நிலையச் சாம்பலும் ஆற்று முகமும் காட்சியாக இடம்பெற்றன.

இதே இயக்குநர் 2015-இல் சோஃபியா அஷ்ரஃபைக் கொண்டு கொடைக்கானலின் பாதரச மாசு பற்றிய பாடற் காணொளியை உருவாக்கியிருந்தார். அது நிக்கி மினாஜின் ‘அனகோண்டா’ மெட்டில் அமைந்தது. அனகோண்டாவோ 1992-ஆம் ஆண்டின் ராப் பாடல் ஒன்றின் பகுதிகளை எடுத்தாண்டது. மெட்டு கைமாறி வந்த அம்முதல் முயற்சியில், உலகம் அறிந்த வடிவத்தினுள் உள்ளூர்ச் சிக்கல் பொருத்தப்பட்டது. எண்ணூர்ப் பாடலில் முறை தலைகீழானது. எல்லாரும் அறிந்த உள்ளூர் வசைச்சொல் எடுக்கப்பட்டு, அது இழந்திருந்த நிலம் அதனோடு மீண்டும் இணைக்கப்பட்டது. மீம்களின் இயல்பான போக்கு இடத்தை உதிர்ப்பதாயின், இதனை வலிந்து செய்யப்பட்ட மீள்பொருத்தல் எனலாம். இத்தகைய மீட்பு தானாக நிகழ்வதில்லை. அதற்குப் பாடுபவர், எழுதுபவர், களத்தில் பணியாற்றுபவர் ஆகியோரின் திட்டமிட்ட கூட்டுழைப்பு தேவைப்படுகிறது.

5. புள்ளிங்கோ: எதிரியின் ஏட்டில் எஞ்சிய பாடம்

வடசென்னையின் கானா, படியெடுத்தலை மறைக்காத கலை. அறிந்த மெட்டில் புதிய சொற்களை அமர்த்துவது அதன் இலக்கணங்களுள் ஒன்று. இறந்தவரை நினைந்து இரவெல்லாம் பாடும் பாடலுக்குத் திரைப்பட மெட்டைக் கொள்வதில் அதற்குத் தயக்கமில்லை. இதற்கு நீண்ட முன்மரபு உண்டு. ஆ. இரா. வேங்கடாசலபதி ‘முச்சந்தி இலக்கியம்’ என ஆராய்ந்த குஜிலி வெளியீடுகள், கொலை, வெள்ளம், விபத்து ஆகியவற்றைப் பாடி மலிவு விலையில் தெருவில் விற்கப்பட்டவை. இன்ன பாட்டின் மெட்டு என்று அவை தம் மூலத்தைப் பாடலின் தலையிலேயே அச்சிட்டன. மூலத்தை ஒப்புக்கொண்டு படியெடுத்தல் அங்கு நெறியாக இருந்தது.

‘பிள்ளைகள்’ என்பதன் பேச்சு வடிவமே ‘புள்ளிங்கோ’. தன் தெருப் பையன்களை உரிமையோடு குறிக்கும் சொல் அது. கானா ஸ்டீபன் பாடிய ‘கும்பலாகச் சுத்துவோம்’ என்னும் கானா 2019 வாக்கில் டிக்டாக்கிலும் யூடியூபிலும் பரவியபோது இச்சொல் தமிழகம் அறிந்ததாயிற்று. அப்பாடலில் பேசுபவரும் பேசப்படுபவரும் ஒரே கூட்டத்தினர். நண்பர்களைப் பற்றிய பெருமிதமே அதன் நிலைப்பாடு. அவ்வாண்டு வெளிவந்த ‘பிகில்’ படத்தின் ‘வெறித்தனம்’ பாடலும் இச்சொல்லை அதே அணுக்கத்தோடு எடுத்தாண்டது.

மீம் பக்கங்களிலோ ‘புள்ளிங்கோ’ வேறொன்றாயிற்று. சாயமிட்ட முடி, இறுக்கமான கால்சட்டை, ஒரே வண்டியில் மூவர் ஆகியவற்றை அடையாளமாகக் கொண்டு, உழைக்கும் வகுப்பு இளைஞர்களை ஒட்டுமொத்தமாக இகழும் பெயராக அது மாறியது. இகழ்ச்சிக்குச் சாதிப் பெயரோ பகுதிப் பெயரோ வேண்டியிருக்கவில்லை; முடியின் நிறம் போதுமானதாயிற்று. சொல் ஒன்றே. ‘ங்கோ’ என்னும் ஈற்றை எழுதும் முறையும் ஒன்றே. ஒத்த எழுத்துருவே இவ்விரண்டும் ஒரு மூலத்தின் படிகள் என்பதற்குச் சான்று. மாறியது சிரிப்பவரின் இருப்பிடம். ‘எங்கள் பிள்ளைகள்’ என்பது ‘அந்தப் பிள்ளைகள்’ ஆயிற்று.

இவ்வழக்கில் ஆவண இழப்பும் சேர்ந்துகொண்டது. 2020 சூன் 29 அன்று இந்திய அரசு டிக்டாக் செயலியைத் தடை செய்தது. அத்தளத்தில் தாமே தம்மைப் படம்பிடித்து வெளியிட்ட இளைஞர்களின் பக்கங்களை இந்தியாவிலிருந்து காணும் வழி அடைபட்டது. அவற்றுள் பல இன்று கிடைப்பது, கேலி செய்வதற்காக அவற்றை வெட்டித் தொகுத்தவர்களின் காணொளிகளில் மட்டுமே. தமிழ் இலக்கிய வரலாறு இந்நிலையை அறியும். பௌத்தக் காப்பியமான குண்டலகேசி முழுமையாகக் கிடைக்கவில்லை. அதனை மறுக்க எழுந்த சமண நூலான நீலகேசியும் அதன் உரையும், புறத்திரட்டு போன்ற தொகைநூலும் அதனைப் பற்றி நமக்குத் தருவன சில பாடல்களும் செய்திகளுமே. குண்டலகேசியை நீலகேசியின் கண்ணால் மட்டும் படிப்பவர் அடையும் பிழையையே, கேலித் தொகுப்புகளைக் கொண்டு வடசென்னை இளைஞர் பண்பாட்டை எழுதும் ஆய்வாளரும் அடைவார்.

6. வாளி: கிளைக்காத மீம்

2017 சனவரி 28 அதிகாலையில், காமராசர் துறைமுகத்திற்கு வெளியே பி.டபிள்யூ. மேப்பிள், டான் காஞ்சிபுரம் என்னும் இரு கப்பல்கள் மோதின. சுற்றுச்சூழலுக்குப் பாதிப்பில்லை என்றே முதலில் அறிவிக்கப்பட்டது. ஆனால் எர்ணாவூர், திருவொற்றியூர்க் கரைகளில் கரிய எண்ணெய் கெட்டியாகப் படிந்தது. கழிவுநீர் உறிஞ்சும் ஊர்திகள் கொண்டுவரப்பட்டும், குழாயில் ஏறாத அளவிற்குப் படிவு தடித்திருந்தது. கடலோரக் காவற்படையினரும் மீனவரும் மாணவரும் தன்னார்வலரும் வரிசையில் நின்று அதனை வாளியால் அள்ளிக் கைமாற்றினர். சல்லிக்கட்டுப் போராட்டம் முடிந்து ஒரு வாரம் கூட ஆகாத காலம் அது. அப்போராட்டத்தில் உருவான சமூக ஊடகத் தொடர்புகள் தன்னார்வலரைத் திரட்டவும் உதவின.

செவ்வாய்க்கு விண்கலம் அனுப்பிய நாடு எண்ணெயை வாளியால் அள்ளுகிறது என்னும் முரணே அப்போது பரவிய மீம்களின் அடிப்படைக் கட்டமைப்பு. அவ்வாண்டு ஏப்ரல் 21 அன்று வைகை அணையில் நீர் ஆவியாவதைத் தடுக்க, அன்றைய கூட்டுறவுத் துறை அமைச்சர் செல்லூர் கே. ராஜூ முன்னிலையில் தெர்மாகோல் அட்டைகள் நீரில் விடப்பட்டன. சிறிது நேரத்திலேயே அவை காற்றில் கரை ஒதுங்கின. தெர்மாகோல் மீம்கள் அன்றே தொடங்கி இன்றளவும் ஓயவில்லை.

பேரளவிலான சிக்கல், அதற்கெதிரே வீட்டுப் பொருள் என்னும் கட்டமைப்பு இரண்டிலும் ஒன்று. எனினும் இதனைக் கொண்டு தெர்மாகோல் மீம் வாளி மீமிலிருந்து பிறந்தது எனக் கூறுதல் பொருந்தாது. இரண்டையும் இணைக்கும் பொதுப் படிவமோ பொதுப் பிழையோ இல்லை. சரியான பாடத்தில் ஒத்திருத்தல் உறவுக்குச் சான்றாகாது என்னும் பதிப்பியல் நெறி இங்கு எச்சரிக்கையாகிறது. இவை அமைப்பு உறவு உடையன. படிவ உறவு உடையன அல்ல. அரசின் ஆயத்தமின்மை என்னும் ஒரே சூழலிலிருந்து இரண்டும் தனித்தனியே எழுந்தன.

வேறுபாடுதான் இங்குக் கூடுதலாகப் பேசுகிறது. தெர்மாகோலுக்கு ஒரு முகம் இருந்தது. அம்முகத்தை எப்படத்திலும் ஒட்டலாம். வெயில், மழை, தேர்தல், கிரிக்கெட் என எந்த நிகழ்வோடும் சேர்க்கலாம். வைகை மறைந்தபின்னும் மீம் வாழ்ந்தது. வாளிக்கு அத்தகைய முகம் இல்லை. வாளியைப் பிடித்திருந்தவை எண்ணெய் படிந்த கைகள். சிரிப்பை அரசின் பக்கம் திருப்ப முயன்றாலும், படத்தில் தெரிந்தவர் உழைத்துக்கொண்டிருந்த மீனவரும் மாணவருமே. அவர்களைப் பார்த்துச் சிரிக்க இயலாமையால் மீம் தொடர்ந்து கிளைக்கவில்லை. அமைப்பின் தவறு தனி மனிதரின் கோமாளித்தனமாகச் சுருங்கும்போது மீம் செழிக்கிறது. சுருங்க மறுக்கும்போது தேய்கிறது.

தேய்ந்தது அழிந்ததாகாது. 2023 டிசம்பர் தொடக்கத்தில் மிக்ஜாம் புயலின் பெருமழையோடு, மணலிச் சுத்திகரிப்பு ஆலைப் பகுதியிலிருந்து எண்ணெய் பக்கிங்காம் கால்வாய் வழியே எண்ணூர்க் கழிமுகத்தை அடைந்தது. தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு தானாக முன்வந்து விசாரணையைத் தொடங்கியது. மீனவர் படகுகளில் சென்று வாளியாலும் குவளையாலும் எண்ணெயை அள்ளும் படங்கள் மீண்டும் வெளிவந்தன. அம்மாதம் 26 இரவு உரத் தொழிற்சாலை ஒன்றின் கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிய, பெரியகுப்பம், சின்னகுப்பம் பகுதி மக்கள் இரவோடு இரவாக வீடுகளைவிட்டு வெளியேறினர். இம்முறை வாளி நகைப்பொருளாக வரவில்லை. ஆறு ஆண்டுகளுக்கு முன்னரும் இதே கரையில் இதே கருவிதான் இருந்தது என்பதற்கான சாட்சியமாக வந்தது. படிவ உறவும் அமைப்பு உறவும் அற்றுப்போன நிலையில் நினைவு உறவு மட்டும் அதனை மீட்டது. இடத்தை விட்டு நீங்காததால்தான் அது சாட்சியாக முடிந்தது.

7. வழக்குகள் உணர்த்துவன

நான்கு வழக்குகளையும் ஒருங்கே நோக்கும்போது ஒரு பொதுப்போக்கு புலனாகிறது. எம்டன் கப்பலையும் துறைமுகத்தையும் விட்டு நீங்கியது, நூறாண்டு பரவியது. புறம்போக்கு நிலத்தை விட்டு நீங்கியது, வசையாகப் பரவியது. புள்ளிங்கோ தெருவையும் நட்பையும் விட்டு நீங்கியது, இகழ்ச்சியாகப் பரவியது. வாளி கரையை விட்டு நீங்கவில்லை, பரவவும் இல்லை. மீம் ஒன்று பரவுவதற்குக் கொடுக்கும் விலை அதன் இடம்.

இவ்விலையை எல்லாரும் சமமாகக் கொடுப்பதில்லை. எம்டன் இடத்தை இழந்ததால் எவர்க்கும் தீங்கு நேரவில்லை. அச்சமூட்டிய கப்பல் பாராட்டுச் சொல்லாயிற்று. புறம்போக்கு இடத்தை இழந்ததன் விளைவு வேறு. பொது நிலம் பயனற்றது என்னும் எண்ணம் பேச்சிலேயே ஊறியபின், கழிமுகத்தில் சாம்பல் கொட்டப்படுவது இழப்பாகத் தோன்றுவதில்லை. புள்ளிங்கோ இடத்தை இழந்ததன் விளைவு, பேருந்திலும் கல்லூரி வாயிலிலும் காவலரின் பார்வையிலும் முடியின் நிறத்தால் அளக்கப்படும் இளைஞரின் மேல் விழுகிறது. படிவத்தின் கிளைப்படத்தை மட்டும் வரையும் ஆய்வு இவ்வேறுபாட்டைக் காணாது. ஒவ்வொரு கிளையிலும் நிலைப்பாடு எங்கே திரும்பியது என்பதைக் குறிக்கும் ஆய்வே காணும்.

8. முடிவுரை

மீம்களின் உறவை ஒப்புமையால் மட்டும் நிறுவுதல் போதாது. பொதுப் படிவமும் பொதுப் பிழையும் காட்டப்படும்போதே வழிவழி உறவு உறுதியாகும். அவ்வுறவு உறுதியான பின்னரும், யார் யாரைப் பார்த்துச் சிரித்தார் என்னும் வினாவை ஒவ்வொரு படியிலும் எழுப்ப வேண்டும். வடிவம் மாறாதிருக்கையில் நிலைப்பாடு தலைகீழாவதைப் புள்ளிங்கோவும், தலைகீழானதை முயன்று திருப்ப இயலும் என்பதைப் புறம்போக்குப் பாடலும் காட்டுகின்றன.

தமிழ் மீம்களைத் தொகுக்கும் பணி பல்கலைக்கழகங்களில் மேற்கொள்ளப்படுமாயின், படத்தோடு அது வெளிவந்த நாள், தளம், முந்தைய படி, சுட்டும் ஊர் ஆகியனவும் பதியப்பட வேண்டும். சுவடிப் பதிப்பாசிரியர் ஏடு கிடைத்த ஊரையும் கொடுத்தவரையும் முகவுரையில் குறித்ததற்கு ஒப்பான பணி இது. தளம் ஒன்று ஒரே நாளில் மூடப்படலாம் என்பதை 2020 காட்டியது. எஞ்சுவது கேலி செய்தவரின் படி மட்டுமாக ஆவதற்குமுன், கேலி செய்யப்பட்டவரின் படியும் தொகுக்கப்பட வேண்டும்.